குருதியில் உலோகம்: அளவும் இருப்பிடமும்

உலோகம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கருவிகளும் அணிகலன்களுமே. ஆயினும் நம் உடலும் உலோகங்களின் உறைவிடமாகும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4 கிராம் இரும்பும், 2 கிராம் துத்தநாகமும், 0.1 கிராம் செம்பும் உள்ளன. இவற்றுள் ஒரு சிறு பகுதி, குருதி அணுக்களை நீக்கியபின் எஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்மமாகிய பிளாஸ்மாவில் உலவுகிறது. அச்சிறு பகுதியைக் கொண்டு நோயை எவ்வாறு அறிகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுமப்போரும் சுமையும்

கட்டற்ற இரும்பும் செம்பும் உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிவினைகளைத் தூண்டவல்லவை. ஆகவே, உடல் அவற்றைப் புரதங்களிடம் ஒப்படைக்கிறது. இரும்பைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின். அதன் ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பணுக்களை ஏற்கும். பிளாஸ்மாச் செம்பின் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்டிருப்பது செருலோபிளாஸ்மின். 1948ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஹோல்ம்பெரி, லாரெல் ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்தனர். செம்பினால் இது நீல நிறம் பெற்றிருந்தமையின், வானின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இதற்குப் பெயரிட்டனர்.

ஓர் உலோகம் குருதியில் எவ்வளவு உள்ளது என்பது ஒரு வினா. அது எந்தப் புரதத்தில் அமர்ந்துள்ளது என்பது வேறொரு வினா. முதல் வினாவோடு நின்றுவிட்டால் விடை நம்மை ஏமாற்றக்கூடும். இதற்கு வில்சன் நோயே தக்க சான்று.

மிகுதியிலும் குறைவு

1912ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன், கல்லீரலும் மூளையும் ஒருங்கே பாதிப்புறும் குடும்பவழி நோயொன்றை விரிவாக எழுதினார். உடலில் செம்பு அளவுகடந்து தேங்குவதே அதன் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அங்ஙனமாயின் நோயாளியின் குருதியில் செம்பு மிகுந்திருக்கும் என எண்ணுவோம். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. மொத்தச் செம்பின் அளவு குறைந்தே காணப்படும்.

இம்முரணுக்கு விடை கல்லீரலில் உள்ளது. அங்குள்ள ஒரு கடத்துபுரதம் செம்பைச் செருலோபிளாஸ்மினில் ஏற்றுகிறது. மிகுதியைப் பித்தநீர்வழி வெளியேற்றவும் செய்கிறது. மரபணுப் பிழையால் இவ்விரு பணிகளும் தடைப்படும்போது செம்பு கல்லீரலிலேயே தேங்கிவிடுகிறது. செம்பு பெறாத செருலோபிளாஸ்மின் குருதியில் விரைவில் அழிகிறது. சுமப்பவர் குறைவதால் குருதியின் மொத்தச் செம்பும் குறைகிறது. ஆனால், புரதத்தில் உறுதியாகப் பிணையாத செம்பு பெருகி, மூளையிலும் கண்ணிலும் படிகிறது.

இந்நோய் மிக அரியது. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கே வரக்கூடியது. எனினும் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. பதின்ம வயதினரிடத்தில் கையெழுத்துச் சிதைதல், கை நடுங்குதல், பேச்சுக் குழறுதல், கல்வியில் பின்னடைதல் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் கவனக்குறைவு என்று கடிந்து ஒதுக்கினால் அரிய காலம் வீணாகும். உரிய காலத்தில் கண்டறிந்தால், செம்பை வெளியேற்றும் மருந்துகளாலும் துத்தநாகத்தாலும் நோயைக் கட்டுக்குள் வைத்து நெடுநாள் வாழ இயலும்.

பிரித்தபின் எண்ணுதல்

செருலோபிளாஸ்மினை அளக்கும் வழக்கமான சோதனைகள் பல, செம்பேற்ற புரதத்தையும் செம்பற்ற புரதத்தையும் வேறுபடுத்துவதில்லை. மேலும் அழற்சியும் கருவுறுதலும் இப்புரதத்தின் அளவை உயர்த்தி, குறைபாட்டை மறைத்துவிடலாம். இக்குறையை நீக்க, ஆய்வாளர்கள் இரு கருவிகளை இணைத்துப் பயன்படுத்துகின்றனர்.

முதற்கருவி நுண்துளை மணிகள் நிறைந்த ஒரு குழாய். அதனுள் பிளாஸ்மாவைச் செலுத்தினால் சிறிய புரதங்கள் துளைகளுள் புகுந்து தாமதிக்கும். பெரியவை முந்தி வெளிவரும். செருலோபிளாஸ்மின் முன்னே வர, டிரான்ஸ்ஃபெரினும் ஆல்புமினும் பின்தொடரும். வெளிவரும் நீர்மம் உடனுக்குடன் இரண்டாம் கருவியை அடைகிறது. அங்கே பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் வளிமப் பிழம்பு புரதங்களைச் சிதைத்து, உலோக அணுக்களை மின்னேற்றம் பெறச் செய்கிறது. நிறைமாலைமானி அவற்றை நிறையின்படி பிரித்து எண்ணுகிறது. எந்த நேரத்தில் எவ்வுலோகம் வந்தது என்பதிலிருந்து எப்புரதம் எதனைச் சுமந்தது என்பது புலனாகும்.

இங்கு ஒரு சொல்நயம் உண்டு. அந்த ஆர்கான் பிழம்பிற்கும் பிளாஸ்மா என்றே பெயர். குருதியின் பிளாஸ்மாவை இயற்பியலின் பிளாஸ்மாவிற்குள் செலுத்துகிறோம். முன்னதைக் குருதிநீர்மம் என்றும் பின்னதை மின்மப்பிழம்பு என்றும் தமிழில் வழங்கினால், மாணவர்க்கு மயக்கம் நேராது.

எனினும் ஒரே அளவீட்டைக் கொண்டு நோயை முடிவுசெய்தல் தகாது. சிறுநீரில் வெளியேறும் செம்பு, கருவிழியோரத்துச் செம்புப் படிவு, மரபணு ஆய்வு ஆகியவற்றையும் மருத்துவர்கள் ஒப்புநோக்குவர். நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் ஆய்வர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். அறிகுறி தோன்றுமுன்னரே அவர்களைக் காக்கவல்லது இவ்வாய்வின் பெரும்பயன்.