வழக்கறிஞரும் விளம்பரமும்

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலையில் துணிக்கடையும் நகைக்கடையும் தத்தம் பெருமையைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கக் காண்கிறோம். அங்கே ஒரு வழக்கறிஞர் அவ்வாறு எழுதி வைப்பாராயின், தொழில் புரியும் உரிமையையே இழக்க நேரலாம். இவ்வேறுபாடு ஏன்?

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 36-ஆம் விதி, சுற்றறிக்கை, விளம்பரம், தரகர் ஆகியவற்றின் வாயிலாக வழக்குத் தேடுவதைத் தடுக்கிறது. பெயர்ப்பலகையும் அளவோடிருத்தல் வேண்டும். முன்னாள் நீதிபதி என்று அதில் பொறித்தலும் கூடாது.

பம்பாயில் நீதிமன்ற வாயிலில் நின்று, வருவோர் கையிலுள்ள வழக்குக் காகிதங்களைப் பறிக்க முந்தியதாகச் சில வழக்கறிஞர்கள்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1975-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தொழில் வாணிபமன்று என வலியுறுத்தியது. துயருற்று வருபவன் விளம்பரத்தின் மெய்யும் பொய்யும் ஆராயும் நிலையிலிரான். அவனைக் காப்பதே விதியின் உட்கருத்து என்போம்.

எனினும், தக்க வழக்கறிஞரை மக்கள் அறிய வேண்டாவோ? ஆகவே 2008-இல் விதி தளர்த்தப்பட்டது. பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, பயிலும் துறை முதலியவற்றை இணையத்தில் தரலாம், புகழுரைக்கு இடமில்லை. இணைய நிறுவனங்களின் வழியே வழக்குத் தேடுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

மல்லேஸ்வரத்தில் ஒருவர் விதி மீறினால், கர்நாடக மாநில பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு அவர் தரப்பைக் கேட்டே முடிவு செய்யும். கண்டனம், குறித்த காலத்துக்கு இடைநீக்கம், பெயர் நீக்கம் என்பன தண்டனைகள். 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன்பின் உச்ச நீதிமன்றத்துக்கும் முறையிடலாம்.

தகவல் தருதல் வேறு. ஆள் பிடித்தல் வேறு. இவ்வெல்லையை அறிதல் நமக்கும் நலம்.