வளைவில் பிறக்கும் ஒளி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதை கொண்டையூசி வளைவுகளால் ஆனது. தமிழ்நாட்டின் எல்லை முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கும் இடம் அது. இரவில் மேட்டில் நின்று கீழே நோக்கினால், ஏறிவரும் பேருந்து பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் அது ஒரு வளைவில் திரும்பும்போது முன்விளக்கின் ஒளிக்கற்றை மலைச்சரிவைத் தடவிக்கொண்டு சுழல்கிறது. பார்ப்பவர் நிற்கும் திசையை அது கடக்கும் அந்த ஒரு நொடியில் கண் கூசுமாறு ஒளிர்ந்து, உடனே மறைந்துவிடுகிறது. பேருந்தின் விளக்கு வழிநெடுக எரிந்துகொண்டுதான் இருந்தது. வளைவுதான் அதன் ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பியது.

சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று இயற்பியலார் கூறும் ஒளியைப் புரிந்துகொள்ள இக்காட்சி பெரிதும் உதவும். அங்கே பேருந்துக்குப் பதிலாக ஓடுவது எலக்ட்ரான். மலைப்பாதைக்குப் பதிலாக அமைவது காற்று நீக்கப்பட்ட ஒரு வளையக் குழாய். ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. பேருந்தின் விளக்கு நேர்ப்பாதையிலும் எரியும். எலக்ட்ரானோ தன் பாதை வளையும்போதுதான் ஒளியை உமிழும்.

மின்னூட்டம் உடைய துகள் ஒன்று தன் வேகத்தையோ திசையையோ மாற்றினால் மின்காந்த அலைகள் வெளிப்படும் என்பது இயற்கையின் விதி. வானொலி நிலையத்தின் கம்பத்தில் எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஆடுவதால்தான் வானொலி அலைகள் பிறக்கின்றன. மெதுவாகச் செல்லும் எலக்ட்ரானைக் காந்தம் கொண்டு வளைத்தால் அதன் கதிர் பல பக்கமும் பரவும். எலக்ட்ரான் ஒளியின் வேகத்தை நெருங்கினால் நிலைமை மாறுகிறது. கதிர் முழுவதும் முன்புறமாகக் குவிந்து, மெல்லிய கூம்பாகப் பாய்கிறது. சாணைக்கல்லில் அரிவாள் தீட்டும்போது பொறிகள் தொடுகோட்டின் திசையில் தெறிப்பது போல, வளையத்தின் ஒவ்வொரு வளைவிலிருந்தும் ஒளி நேர்கோட்டில் வெளியேறுகிறது.

இவ்வொளியை மனிதர் தம் ஆய்வகத்தில் முதன்முதலில் கண்ணால் கண்டது 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 7 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அளிக்கும் முடுக்கி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரானின் ஆற்றல் ஏற ஏற, அதற்கு ஒத்தவாறு காந்தத்தின் வலிமையையும் ஏற்றிச்செல்லும் பொறி அது. அதனால்தான் இவ்வகைப் பொறியைத் தமிழில் ஒத்தியங்கு முடுக்கி என்பர். ஏதோ பழுது என்று ஐயுற்ற பணியாளர் ஒருவர், கான்கிரீட் தடுப்புக்கு அப்பால் இருந்த பொறியை ஒரு கண்ணாடியின் துணையால் எட்டிப் பார்த்தார். உள்ளே கண்ணுறும் வகையில் ஒளி வீசிற்று. அந்தப் பொறியின் குழாய் கண்ணாடியால் ஆனதாக அமைந்தது நற்பேறு. உலோகக் குழாயாக இருந்திருந்தால் அன்று எவரும் எதையும் கண்டிருக்க முடியாது.

துகள்களை ஆராய்வோருக்கு இவ்வொளி தொடக்கத்தில் ஒரு தொல்லையாகவே இருந்தது. அரும்பாடுபட்டு எலக்ட்ரானுக்கு ஊட்டிய ஆற்றல் ஒவ்வொரு சுற்றிலும் ஒளியாகக் கசிந்து போயிற்று. ஒருவர் வீணெனக் கருதியது மற்றவருக்குப் பயன்பட்டது. வேதியியலாரும் உயிரியலாரும் அந்தக் கசிவை நாடி முடுக்கிகளின் வாயிலில் வந்து நின்றனர். பின்னர் ஒளியைப் பெறுவதற்காகவே தனி வளையங்கள் கட்டப்பட்டன.

இந்தியாவில் அத்தகைய வளையங்கள் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் உள்ளன. அங்குள்ள இராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்திற்கு 1984ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. இண்டஸ்–1 என்னும் சிறிய வளையம் 1999ஆம் ஆண்டு ஒளிரத் தொடங்கிற்று. பின்னர் வந்த இண்டஸ்–2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். அதில் எலக்ட்ரான்கள் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் ஓடுகின்றன. ஒரு நொடியில் அவை ஏறத்தாழ 17 லட்சம் முறை வளையத்தைச் சுற்றிவிடும். ஒளியோடு அவற்றை ஓட்டப்பந்தயத்தில் விட்டால் என்ன ஆகும்? ஒரு நொடி முடிவில் ஒளி ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் சென்றிருக்கும். எலக்ட்ரான் அதற்கு 6 மீட்டர் மட்டுமே பின்தங்கியிருக்கும். ஆயினும் அந்த 6 மீட்டரை எவ்வளவு ஆற்றல் ஊட்டினாலும் முழுவதும் கடந்துவிட முடியாது.

வெளிவரும் ஒளியில் அகச்சிவப்பு முதல் எக்ஸ் கதிர் வரை எல்லா அலைநீளங்களும் கலந்திருக்கும். வேண்டிய அலைநீளத்தை மட்டும் வடித்தெடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் உள்ள எக்ஸ் கதிர்க் குழாயின் ஒளியோடு ஒப்பிட்டால், இதன் செறிவு பல ஆயிரம் மடங்குக்கும் மிகுதி.

இத்தனை பெரிய வளையம் எதற்கு, ஒரு நல்ல நுண்ணோக்கி போதாதா என்னும் ஐயம் எழலாம். இடுக்கியின் ஏலக்காய்க் களங்களில் காய்களைத் தரம் பிரிக்கும் சல்லடைகளை நினைத்துப் பார்க்கலாம். பெரிய கண் கொண்ட சல்லடையில் சிறு காயும் நடுத்தரக் காயும் ஒன்றாகவே விழுந்துவிடும். அவற்றைப் பிரித்தறிய நுண்ணிய கண் வேண்டும். ஒளிக்கு அதன் அலைநீளமே சல்லடைக்கண். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை, அணுவைவிடச் சில ஆயிரம் மடங்கு பெரிது. எனவே எவ்வளவு சிறந்த நுண்ணோக்கியாக இருந்தாலும், அந்த ஒளியைக் கொண்டு அடுத்தடுத்த இரண்டு அணுக்களைப் பிரித்துக் காண இயலாது. ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவே அலைநீளம் கொண்ட எக்ஸ் கதிருக்கு அது இயலும்.

எக்ஸ் கதிரைக் குவித்துப் படம் காட்டும் எளிய வில்லை கிடையாது. ஆகவே ஆய்வாளர் வேறு வழியை நாடுகின்றனர். பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியில் பேருந்தில் செல்லும்போது, சதுரமாக நட்ட தென்னந்தோப்பு ஒரு கோணத்தில் குழம்பித் தோன்றும். சற்றுத் தொலைவு சென்றதும் மரங்கள் திடீரென வரிசை வரிசையாக ஒழுங்குபடும். படிகத்தில் அணுக்கள் அவ்வாறே ஒழுங்காக நிற்கின்றன. சில கோணங்களில் மட்டும் அவற்றின் வரிசைகள் எக்ஸ் கதிரை வலுவாகச் சிதறடித்துப் புள்ளிகளைப் பதிக்கின்றன. அந்தப் புள்ளிகள் நேரடியான படம் அல்ல. அவற்றிலிருந்து கணக்கிட்டே அணுக்களின் இடத்தை அறிய வேண்டும்.

இக்கலையில் தேர்ந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்த தமிழர் ஒருவரின் மகனாக 1922ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை அக்காலத்தில் எவரும் சரியாக அறியவில்லை. அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர். அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்னும் கருத்து சென்னையில் உருப்பெற்றது. அவர்களிடம் இருந்தது சாதாரண எக்ஸ் கதிர்க் குழாய் மட்டுமே.

கயிறு போன்ற புரதத்திற்கு அந்தக் குழாய் போதுமானதாயிற்று. உயிரணுவில் புரதங்களையே உருவாக்கும் ரைபோசோமுக்கு அது போதவில்லை. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அணுக்களால் ஆன அதில் சீர்மை மிகவும் குறைவு. அதனைப் படிகமாக்குவதே கடினம். படிகமானாலும் சிதறும் கதிர் மிக மங்கலாக இருக்கும். செறிந்த ஒளி வேண்டும். ஆனால் செறிந்த ஒளி படிகத்தையே அழித்துவிடும். இந்தச் சிக்கல் பல ஆண்டுகள் ஆய்வாளரை அலைக்கழித்தது. இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத், படிகங்களைக் கடுங்குளிரில் உறையவைத்தால் அழிவு பெரிதும் தாமதமாகும் என்று காட்டினார்.

இதே சிக்கலில் இறங்கிய மற்றொருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்த அவர், பெற்றோரின் பணி காரணமாகக் குஜராத்தின் வடோதராவில் வளர்ந்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபின் அத்துறையை விட்டு விலகி, உயிரியலைத் தொடக்கத்திலிருந்து கற்றார். ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருக்க, மாணவர்களோடு மாணவராக மீண்டும் அமர்வது எளிதன்று. கேம்பிரிட்ஜில் அவருடைய குழு, வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ரைபோசோமின் சிறிய பகுதியைப் பிரித்துப் படிகமாக்கியது. சிகாகோ அருகிலுள்ள ஆர்கான் ஆய்வகம் உள்ளிட்ட வளையங்களில் அந்தப் படிகங்கள் ஒளியில் வைக்கப்பட்டன.

அங்கே சிங்க்ரோட்ரானின் மற்றொரு சிறப்பும் கைகொடுத்தது. படிகத்திற்குள் ஆஸ்மியம் போன்ற கனமான அணுக்களை ஆங்காங்கே சேர்த்தனர். குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் அந்த அணுக்கள் மட்டும் தனித்த முறையில் கதிரைச் சிதறடிக்கும். ஆகவே, நிலம் அளப்போருக்கு எல்லைக்கல் உதவுவது போல, மற்ற அணுக்களின் இடத்தைக் கணக்கிட அவை உதவின. வேண்டிய அலைநீளத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி சாதாரணக் குழாயில் இல்லை.

2000ஆம் ஆண்டு, சில வார இடைவெளிகளில், ரைபோசோம் பகுதிகளின் அமைப்புகளை வெவ்வேறு குழுக்கள் வெளியிட்டன. கடும் போட்டி அது. 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பரிசைவிட முக்கியமான ஒன்று அக்கட்டுரைகளில் இருந்தது. காசநோய்க்கு அரை நூற்றாண்டாகக் கொடுக்கப்பட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் ரைபோசோமில் சரியாக எந்த இடத்தில் சென்று பற்றிக்கொள்கிறது என்பது அப்போதுதான் அணு அளவில் தெரிந்தது. மருந்துகளுக்குப் பணியாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் இது வெறும் அறிவுச் செய்தி அன்று. பூட்டின் உள்ளமைப்பு தெரியாமல் புதுச் சாவி செய்வது எப்படி?

உயிரியலுக்கு வெளியேயும் இவ்வொளியின் பயன்கள் பல. அவற்றுள் ஒன்று தனியே சொல்லத்தக்கது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூற்படி ஒன்று பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்டது. பின்னர் வந்தவர்கள் எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதே தோலில் வழிபாட்டு நூலை எழுதினர். பிற்காலத்தில் சில பக்கங்களின்மேல் ஓவியங்களும் தீட்டப்பட்டன. ஆனால் பழைய மையில் இரும்பு இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் உள்ள வளையத்தின் எக்ஸ் கதிர் பட்டதும், தோலில் எஞ்சியிருந்த இரும்பு அணுக்கள் தமக்கே உரிய கதிரை வெளியிட்டன. ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த வரிகள் மீண்டும் வாசிக்கப்பட்டன.

இந்தூரின் இண்டஸ்–2 வளையத்திலும் புரதப் படிகங்களை ஆராய்வதற்கென ஓர் ஒளித்தடம் அமைந்துள்ளது. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வாளர்கள் தங்கள் மாதிரிகளுடன் அங்கே வருகின்றனர். கதிர் பாயும் அறையில் எவரும் இருத்தல் கூடாது என்பதால், மாதிரியைப் பொருத்திவிட்டுக் கதவை மூடி, வெளியே கணினித் திரையின்முன் காத்திருக்கின்றனர். வளையம் இரவும் இயங்குவதால் அவர்களும் விழித்திருக்க நேரும். புள்ளிகளைக் கணக்கிட்டு ஒரு புரதத்தின் அமைப்பை வரைந்து முடித்ததும், அது சரிதானா என்று பார்க்க உலகெங்கும் ஆய்வாளர் ஒரு வரைபடத்தில் அதனைப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்று காட்டும் அந்த வரைபடத்தை 1963ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளியிட்டவர்கள் இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் ஆவர்.