மின்னஞ்சல் சாவி யார் கையில்?



கடைச் சாவியை இரவில் நாம் யாரிடமும் விட்டுச் செல்வதில்லை. கல்லாச் சாவி இடுப்பிலேயே இருக்கும். ஆனால் கடையின் மின்னஞ்சல் சாவி யாரிடம் என்று கேட்டால், நம்மில் பலர் "கணக்கு எழுதும் தம்பியிடம்" என்றோ, "ஆடிட்டர் ஆபீசில்" என்றோதான் சொல்வோம். இதில் வரும் தொல்லையை நாங்கள் பட்டறிந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் தந்தையார் காலத்தில் மொத்தக் கடைகளின் பில் புத்தகத்தில், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'தந்தி' என்று போட்டு ஒரு சிறு சொல் அச்சிட்டிருக்கும். கட்டணம் கட்டிப் பதிவு செய்த விலாசம் அது. குமாஸ்தா மாறினாலும், மகன் பொறுப்புக்கு வந்தாலும், அந்த விலாசம் கடைக்கே உரியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. அந்த இடத்துக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது; பழைய ஒழுங்கு மட்டும் கூட வரவில்லை.

நாவலூர், சிறுசேரி பக்கம் கணினி நிறுவனங்கள் வந்த பிறகு, நம்மிடம் சரக்கு எடுப்பவர்களும் மாறிவிட்டார்கள். விடுதிக்காரர், கேன்டீன் கான்ட்ராக்டர் எல்லோரும் ஆர்டரை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். பில்லையும் அதிலேயே கேட்கிறார்கள். எங்கள் மண்டியில் இருந்த ஒரு தம்பி, தன் பெயரிலும் தன் கைபேசி எண்ணிலும் முகவரி திறந்து இதைக் கவனித்து வந்தார். நல்ல பிள்ளை. சொந்தத் தொழில் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார், வாழ்த்தி அனுப்பினோம். கடவுச்சொல்லைக் கேட்கத் தோன்றவில்லை. மாதாமாதம் அரிசியும் பருப்பும் எடுத்து வந்த கேன்டீன்காரர் இரண்டு முறை எழுதியும் பதில் போகவில்லை. மூன்றாவது மாதம் வேறு மண்டிக்குப் போய்விட்டார். தம்பி மீது குற்றமில்லை. அசட்டையாக இருந்தது நாங்கள்தான்.

இது ஒரு கடையின் கதை மட்டுமல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பல வணிகர்களுக்காகப் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டார்கள். பிறகு நுழைவு விவரத்தைத் தர மறுத்தார்கள். புகார்கள் குவிந்ததால், 2018-ல் மத்திய அரசு ஒரு வழிமுறையை அறிவித்தது. வணிகர் உரிய ஆவணங்களோடு தம் எல்லைக்குட்பட்ட வரி அதிகாரியை அணுகினால், அவர் சரிபார்த்து முகவரியை மாற்றித் தருவார். புதிய மின்னஞ்சலுக்குத் தற்காலிகக் கடவுச்சொல் வரும். உங்கள் பதிவில் யார் முகவரி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நோட்டீஸ் அங்கேதான் போகும்.

முகவரிப் பட்டியல்

மத்திய அரசு 2015-ல் அறிவித்த மின்னஞ்சல் கொள்கையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பதவியின் பெயரில் உள்ள முகவரியை, அதிகாரி மாறும்போது அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். நாமும் ஆளின் பெயரில் வைக்காமல் வேலையின் பெயரில் வைப்போம்: ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. ஆர்டர் முகவரிக்கு வருவது இரண்டு பேருக்குப் போகும்படி அமைக்கலாம். ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது.

கடையின் பெயரிலேயே முகவரி வேண்டுமானால் இணையப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டும். பதிந்து கொடுப்பவர் தன் பெயரில் பதிந்துவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தவணை முடியுமுன் புதுப்பிக்கத் தவறினால் பெயரும் கைவிட்டுப் போகலாம். அஞ்சல் பெட்டிகளை நிர்வகிக்கும் வசதியைக் கூகுள், மைக்ரோசாப்ட், நம் மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி அருகே இயங்கும் ஜோஹோ போன்ற நிறுவனங்கள் தருகின்றன. அதில் நிர்வாகி என்ற இடத்தில் உரிமையாளர் பெயர்தான் இருக்க வேண்டும்.

பில்லிலும் பெயர்ப்பலகையிலும் ஆர்டர் முகவரியை மட்டும் அச்சிடுங்கள். வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் கொடுத்த முகவரி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

வெளியிலிருந்து திறப்பது

கொள்முதலுக்கு வெளியூர் போன இடத்திலும் கைபேசியில் அஞ்சல் பார்ப்பது வசதிதான். ஆனால் நாம் நுழையும் வாசலில் திருடனும் நுழையலாம். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதுபோல, இங்கும் கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி இரட்டைப் பூட்டுப் போடுங்கள். அந்தக் கைபேசி உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் கணினியில் திறப்பதைத் தவிருங்கள்.

ஊழியர் விலகும் நாளில் கணக்கு ஒப்படைப்பதோடு நான்கு வேலை செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். எந்தெந்தக் கருவியில் அஞ்சல் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, பழையவற்றை வெளியேற்றுங்கள். மீட்புக்கான கைபேசி எண்ணை மாற்றுங்கள். நகல் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி அமைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த அமைப்பை விட்டுவிட்டால், கடவுச்சொல் மாற்றிய பிறகும் நம் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும். அரசு அலுவல் அஞ்சலைச் சொந்த வெளி முகவரிக்குத் திருப்பக் கூடாது என்று அந்தக் கொள்கையிலும் தடை இருந்தது.

திருட்டாக நுழைந்தவன் உடனே கைவரிசை காட்ட மாட்டான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படித்துக்கொண்டிருப்பான். பணம் கட்டும் நேரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடவும்" என்று மில்காரர் எழுதியதுபோல் ஒரு கடிதம் வரும். முகவரியில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் இருக்கும். கணக்கு எண் மாற்றம் என்று வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், நம் பழைய நோட்டில் உள்ள எண்ணில் பேசிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் உடனே 1930-க்குப் பேசி, வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.

சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். தேர்தலில் செயலாளரும் பொருளாளரும் மாறுவார்கள். முகவரி மாறக் கூடாது. மினிட் புத்தகத்தோடும் ரசீதுப் புத்தகத்தோடும் மின்னஞ்சல் சாவியையும் ஒப்படைக்கும் வழக்கம் வர வேண்டும். உறுப்பினர் பட்டியலில் உங்கள் முகவரி இன்றும் செல்லுபடியாகிறதா என்று சந்தா கட்டும்போதே சரிபார்த்துச் சொல்லுங்கள்.

இன்றிரவு கடை அடைக்குமுன், ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தச் சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள்.