மொம்பாசா

மொம்பாசா, கென்யாவின் இரண்டாவது பெரிய நகரமும் அந்நாட்டின் தலைமைத் துறைமுகமும் ஆகும். இந்தியப் பெருங்கடலோரத் தீவு ஒன்றில் தோன்றிய இந்நகரம், இன்று அருகிலுள்ள நிலப்பகுதியிலும் பரவியுள்ளது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 12 இலட்சம். கடற்கரை இல்லாத உகாண்டா, ருவாண்டா, தெற்கு சூடான் ஆகிய நாடுகளுக்கும் இவ்வழியே சரக்கு செல்கிறது.

வரலாறு

வடகிழக்குப் பருவக்காற்றில் அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த பாய்மரக் கப்பல்கள், தென்மேற்குக் காற்று எழுந்ததும் தந்தம், பொன் முதலியவற்றுடன் திரும்பின. இவ்வணிகத்தால் வளர்ந்த சுவாகிலி நகரங்களுள் மொம்பாசாவும் ஒன்று. இப்னு பதூதா 1331இல் இங்கு வந்தார். 1498இல் வந்த வாஸ்கோ ட காமாவுக்கு இங்கு நல்ல வரவேற்பு இல்லை. போட்டி நகரான மாலிந்திக்குச் சென்று, அங்கு கிடைத்த வழிகாட்டியின் உதவியால் கோழிக்கோட்டை அடைந்தார். பள்ளிப் பாடங்களில் கோழிக்கோடு பெரிதாகப் பேசப்படும் அளவுக்கு இந்த முற்பகுதி பேசப்படுவதில்லை.

போர்த்துக்கீசியர் 1505இலும் 1528இலும் நகரைச் சூறையாடினர். 1593இல் இயேசு கோட்டையைக் கட்டத் தொடங்கினர். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் ஓமானியர் அதைக் கைப்பற்றினர். பிரித்தானியர் காலத்தில் சிறைச்சாலையாக இருந்த இக்கோட்டை, இன்று அருங்காட்சியகம். 2011 முதல் உலகப் பாரம்பரியக் களம்.

ரயில்பாதையும் நகரமும்

1896இல் பிரித்தானியர் இங்கிருந்து உகாண்டா ரயில்பாதையைத் தொடங்கினர். இதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். 1901இல் பாதை விக்டோரியா ஏரியை எட்டியது. உள்நாட்டுச் சரக்கு முழுவதும் மொம்பாசாவை நோக்கி வந்தது. பெரிய நீராவிக் கப்பல்களுக்குத் தீவின் மேற்கிலுள்ள ஆழமான கிலிண்டினி துறைமுகமே ஏற்றதாக இருந்ததால், கிழக்கிலுள்ள பழைய துறைமுகம் பாய்மரக் கப்பல்களோடு ஒதுங்கியது. ஆனால் அதே பாதையின் நடுவே, ரயில்வே முகாமாக 1899இல் தோன்றிய நைரோபி, சில ஆண்டுகளிலேயே தலைநகர் என்ற தகுதியை மொம்பாசாவிடமிருந்து பறித்துக்கொண்டது.

பொருளாதாரம்

கிலிண்டினி இன்று ஆண்டுக்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கையாள்கிறது. உலகின் மிகப் பெரிய தேயிலை ஏலங்களுள் ஒன்றும் இங்கு நடைபெறுகிறது. கென்யத் தேயிலையுடன் அண்டை நாடுகளின் தேயிலையும் விற்கப்படுகிறது. கடற்கரைச் சுற்றுலாவும் உண்டு.

எனினும் நகரத்தின் பிழைப்பு கப்பலோடு முடிவதில்லை. இறங்கிய சரக்குக்குச் சுங்கம் தீர்க்கும் முகவர்கள், கிடங்குக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், நெடுஞ்சாலையோர உணவுக்கடைக்காரர்கள் எனப் பல ஆயிரம் குடும்பங்கள் அதை நம்பியுள்ளன. சீனக் கடனில் கட்டப்பட்ட செந்தர அகல ரயில்பாதை 2017இல் திறக்கப்பட்டது. அதன்பின் நைரோபிக்குச் செல்லும் கன்டெய்னர்களை ரயிலில் ஏற்றி, அங்கேயே சுங்கம் தீர்க்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. ரயிலுக்குச் சரக்கு கிடைத்தால்தான் கடனைத் திருப்ப முடியும் என்பது அரசின் கணக்கு. கப்பல்கள் குறையவில்லை, இறங்கிய சரக்கு நகருக்குள் நிற்காமல் போனதால் வேலைகள் குறைந்தன. 2019இல் போராட்டங்கள் நடந்தன. 2022 செப்டம்பரில் பதவியேற்ற அதிபர் வில்லியம் ரூட்டோ, சுங்கப் பணிகளை மொம்பாசாவுக்கே திருப்ப உத்தரவிட்டார். ரயில்பாதைக்கான கடன் அப்போதும் தீர்ந்திருக்கவில்லை.