மழைக்கு அஞ்சாத தொலைக்காட்சி

பிற்பகலில் அடைமழை கொட்டினால், செபராங் ஜெயாவில் பல வீடுகளில் ஆஸ்ட்ரோ திரை கட்டங்கட்டமாகச் சிதறி நின்றுவிடும். அதே வீட்டில், ஒளியிழை இணையத்தில் ஓடும் நாடகம் மட்டும் தொடர்ந்து ஓடும். ஏன் இந்த வேறுபாடு?

மாணவர்களே, ஆஸ்ட்ரோவின் ஒளிபரப்பு 1996-இல் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரியில் ஏவப்பட்ட மீசாட்-1 துணைக்கோள் அதற்கு வழிவகுத்தது. இத்தகைய துணைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து, ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை அனுப்புகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர் என்று வரும். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் இவ்வளவு குறுகிய அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. ஒளியிழையிலோ தகவல் கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் பயணம் செய்கிறது. மழை அதைத் தொடுவதில்லை.

ஆனால் இணையத்திற்கும் ஒரு சிக்கல் உண்டு. துணைக்கோள் ஒரே அலையைப் பொழிகிறது; பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்குக் கூடுதல் சுமை இல்லை. இணையத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்ப வேண்டும். இதைச் சமாளிக்க, நிறுவனங்கள் படங்களின் பிரதிகளைப் பயனருக்கு அருகிலுள்ள கணினிகளில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு காணொளியும் பல தரங்களில் தயாரிக்கப்பட்டு, சில விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. இணைய வேகம் குறைந்தால் உங்கள் கருவி அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்கும். படம் திடீரென மங்கித் தெளிவது இதனால்தான்.

துண்டுகளைச் சேர்த்து வைத்துக் காட்டுவதால் நேரலை சில விநாடிகள் பிந்தும். துணைக்கோளில் பந்து விளையாட்டைப் பார்க்கும் அண்டை வீட்டார் "கோல்!" என்று கத்திய பிறகே உங்கள் திரையில் பந்து வலைக்குள் போகும்.

தொழிலும் மாறிவிட்டது. 2010-இல் ஹிப் டிவி என்ற பெயரில் தொடங்கிய சேவை இன்று யூனிஃபை டிவி. 2016-இல் நெட்பிளிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. ஆஸ்ட்ரோவும் 2021-இல் சூகா செயலியைத் தொடங்கியது. தன் பெட்டியிலேயே நெட்பிளிக்ஸையும் சேர்த்துக்கொண்டது. ஆர்டிஎம் நிகழ்ச்சிகளையும் இப்போது செயலியில் பார்க்கலாம்.

இதில் நமக்கு என்ன அக்கறை? உள்ளூர்த் தமிழ் நாடகங்கள் பலவற்றுக்குச் சந்தாவும் விளம்பரமும் பணம் தருகின்றன. பார்வையாளர்கள் வெளிநாட்டுச் செயலிகளுக்கு நகர்ந்தால் அந்தப் பணமும் அவர்களோடு நகரும். செயலிகள் நாம் எதைப் பார்க்கிறோம், எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைக் கணக்கெடுக்கின்றன. அந்தக் கணக்கு, அடுத்து எதைத் தயாரிப்பது என்ற முடிவுக்கும் உதவுகிறது. நம் நாட்டுத் தமிழ்ப் படைப்பை நாம் தேடிப் பார்க்காவிட்டால், அது அந்தக் கணக்கில் சிறிய எண்ணாகவே நிற்கும். அதே வேளையில், ஒளிபரப்பு நேரம் கிடைக்காத இளம் இயக்குநர் ஒருவர் தம் குறும்படத்தை யூடியூப்பில் நேரடியாக வெளியிடவும் இன்று வழி இருக்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 5 × 3,600 = 18,000 மெகாபிட். அதை 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது 2.25 கிகாபைட். விநாடிக்கு 15 மெகாபிட் என்றால் எவ்வளவு? உங்கள் கைப்பேசியின் மாதத் தரவு எத்தனை மணி நேரத்திற்குப் போதும்?