பாய்மரத் தடம் – 9: கம்பி நுழையும் இடம்

லூமுட்டில் படகைக் கரையேற்ற வேண்டுமானால் முதலில் பார்ப்பது கடலின் ஏற்றவற்றத்தைத்தான். நீர் நிறைந்து நிற்கும் நேரம் தவறினால் ஏரா சேற்றில் தட்டும். தெலுக் மூரோவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய மரினா தீவில், அகலமான பட்டைகளில் தாங்கித் தூக்கி மேலே நிறுத்துகிறார்கள். ராஜா மூடா பாய்மரப் பந்தயம் 1990 முதல் இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது, கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்கு.

வெதுவெதுப்பான மலாக்கா நீரிணையில் அடிப்பாகத்தைச் சும்மா விட்டால் சில வாரங்களிலேயே கொட்டலசு அப்பிக்கொள்ளும். மேலே ஏற்றியதும், ஈரம் காய்வதற்குள் நீரைப் பீய்ச்சிச் சுரண்ட வேண்டும். காய்ந்துவிட்டால் உளிதான். இந்த வேலையில் சித்தியவான், ஆயர் தாவார் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

“அப்பா பால்மரம் வெட்டுனவருண்ணே. பட்டையத்தான் சீவணும், கட்டையில கத்தி படக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாரு. இதுவும் அதே கைதான்” என்றார் ஒரு தம்பி.

உண்மைதான். கண்ணாடி இழைப் படகின் மேற்பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது கிழிந்தால் நீர் இழைக்குள் இறங்கிக் கொப்புளம் கட்டும். கொப்புளத்தை உடைத்து, உலர்த்தி, அடைக்க வேண்டும். பேராக் மழையில் உலர்த்துவது மட்டுமே மாதக்கணக்கில் இழுக்கும்.

அதற்கு மேல் பாசி, கொட்டலசு ஒட்டாத வர்ணம். ஒரு காலத்தில் வெள்ளீயச் சேர்மமான டிரைபியூட்டில்டின் கலந்த வர்ணம்தான் உலகமெங்கும் ராஜா. கிந்தா பள்ளத்தாக்கை வாழவைத்த அதே வெள்ளீயம், வர்ணத்தில் கலந்து கடலில் கரைந்தபோது நஞ்சானது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு உருமாறியது. பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலகளாவிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கவே கூடாது. இப்போது பெரும்பாலும் செம்புக் கலவை.

அடிப்பாகத்துக்கு வாரக்கணக்கில் செலவிடுகிறவர்கள் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தருவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு என 19 எஃகு இழைகளை முறுக்கிய கம்பி அது. வெயிலில் புதுசுபோலவே மின்னும். நோய் இருப்பது கீழ்முனையில், கம்பி எஃகுக் குழலுக்குள் நுழையும் இடத்தில். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்தக் குழலில் தேங்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் படிந்த குரோமியம் ஆக்சைடு படலம். அது அழிந்தால் திரும்பப் படிய ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத குழலில் அது ஏது? அங்கே அரிப்பு சத்தமில்லாமல் உள்ளே போகும்.

கம்பியைப் பஞ்சுத்துணியால் உருவிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையால் உருவினால் விரல் கிழியும். குழலில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றுங்கள். எதிர்ப்பக்கத்துக் கம்பியும் அதே வயதுதான், அதையும் சேர்த்து. பழுதே தெரியாவிட்டாலும் பத்தாண்டு தாண்டிய கம்பியை நம்பி நீரிணையைக் கடக்க நான் சொல்ல மாட்டேன்.

புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் நீளும். காற்றடங்கிய நாளில் இரு பக்கத்துத் திருகுகளையும் ஒரே அளவு சுற்றி இறுக்கி, ஆணியைச் செருகி மடித்துவிடுங்கள். மரத்தின் உச்சியில் ஏறிப் பார்க்க வேண்டியவை அடுத்த வாரம்.