ஆடுகளத்துக்கு வெளியே – 7: அட்டைக்குள் ஒரு மாலைப்பொழுது

புதிதாக வந்த பயிற்சியாளரின் நோட்டைப் புரட்டினால் டிரில்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும்: 4 மணிக்கு ஓட்டம், 4.15க்கு பாஸ், 4.30க்கு ஷூட்டிங். அனுபவசாலிக்கு நோட்டே வேண்டாம், எல்லாம் கைப்பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஜான் வுடன் விஷயத்தில் அது நேர்மாறு. லாஸ் ஏஞ்சலீஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். அப்படிப்பட்டவர் மாலைப் பயிற்சிக்காகக் காலையில் உதவியாளர்களோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்காருவார். பயிற்சியே அவ்வளவு நேரம்தான்! எந்த நிமிடம் எது, பந்துகள் எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை 3க்கு 5 அங்குல அட்டையில் ஏறிவிடும்.

1974-75 பருவத்தில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளைப் பார்த்து, 2,326 கற்பித்தல் செயல்களைக் குறித்தார்கள். பாராட்டு 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. திட்டும் அதே அளவுதான். முக்கால்வாசிப் பேச்சில் ‘எதை, எப்படிச் செய்’ என்ற தகவல் இருந்தது. ஒருவன் பாஸைத் தவறாகக் கொடுத்தால் வுடன் சரியான முறையைச் செய்து காட்டுவார், பிறகு அவன் செய்த தவறை அப்படியே நடித்துக் காட்டுவார், மறுபடி சரியான முறை. சில விநாடிகளில் பந்து மறுபடி ஓடும். பார்க்கிறவருக்கு அந்தந்த நேரத்தில் தோன்றியதுபோல இருக்கும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு திட்டமிடல் இருந்தது என்பதை அவ்விருவரே பல ஆண்டுகள் கழித்துத்தான் அழுத்திச் சொன்னார்கள். என் வாதமும் இதுதான். ‘அடுத்து என்ன?’ என்ற கவலையிலேயே இருக்கும் புதியவரின் வாயில் ‘குட், குட்’, ‘கவனமா ஆடு’ தவிர வேறு வராது. வரிசையை அட்டையிடம் ஒப்படைத்துவிட்டவருக்குத்தான் ஆட்டக்காரனின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கக் கண் ஒழியும்.

அணியில் ஆல்சிண்டர், வால்டன் போன்ற நெட்டைத் திறமைசாலிகள் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்பார்கள். பட்டங்களின் எண்ணிக்கைக்கு அது பொருந்தும். ஆனால் 1964-ல் முதல் பட்டம் வென்றபோது தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. தவிர, நட்சத்திரங்களுக்கும் முதல் நாள் பாடம், சுருக்கம் விழாமல் சாக்ஸ் போடுவது; கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. திட்டம் கையைக் கட்டிவிடும் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. புதியவர்கள் பலர் திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவது உண்மை. வுடனும் ஒதுக்கிய நேரம் முடிந்தால் டிரிலை நீட்ட மாட்டார், அது சொதப்பினாலும்கூட. அவருடைய நெகிழ்வு மறுநாள் அட்டையில் இருந்தது. புதியவரின் நோட்டில் நேற்றைய பயிற்சியின் தடயமே இருப்பதில்லை. வேலை முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவருகிறவருக்கு இரண்டு மணி நேரம் ஏது என்று கேட்டால், ஏதுமில்லைதான். பத்து நிமிடமாவது கிடைக்குமானால், அதைப் புது டிரில் தேடுவதில் செலவழிக்காமல், நேற்று யார் எங்கே தடுமாறினான், இன்று அவனிடம் எந்த நாலு சொல்லைச் சொல்வது என்று எழுதலாம். அதற்குச் சின்ன அட்டையே போதும்.

(தொடரும்)